தகப்பனுக்காக நின்ற ரயில்

இன்று டென்மார்க்கில் பிராண்டேக்குப் பக்கத்தில், பழைய நிலக்கரிப் பாதையில் தொண்டர்கள் ஓட்டும் ரயிலில் ஏறினோம்.

பதினொரு மணி தாண்டியும் ரயில் அசையவில்லை. என் கால் தானாக ஆடத் தொடங்கியது. மூன்றாம் தரமும் இறங்கிப்போய், கொடியோடு நின்ற டெனிஷ்காரரிடம் ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"தாயும் பிள்ளையும் ஏறிவிட்டார்கள். தகப்பன் காரை நிறுத்தப் போயிருக்கிறார். குடும்பத்தைப் பிரித்துவிட்டு எடுக்கமாட்டோம்."

மனைவியிடம் வந்து முறையிட்டேன். அகதிகளாக வந்த எங்களிடம் குடும்பங்கள் வந்து சேரக் கேட்ட விண்ணப்பங்களை இங்கத்தைய நீதி மந்திரி கிடப்பில் போட்ட காலத்தில், என்னிடம் வர யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் காத்துக் கிடந்தவள் அவள்.

"பேசாம இருங்கோப்பா. அந்த நேரம் இந்த மனுசனெல்லோ மந்திரியா இருந்திருக்கவேணும்."

தகப்பன் ஓடிவந்து ஏறினார். ரயிலும் எடுத்தது. என் கால்தான் நிற்கவில்லை.

அந்த வருடங்களில் இங்கே காத்திருந்த மற்றவர்களே, உங்களுக்கும் இப்படித்தானா?