வெள்ளைப் பூனைக்கு ஒரு கறுநீலச் சேலை

வாப்பா சவூதியிலிருந்து முதல் விடுமுறையில் கொண்டுவந்த கமரா, எனக்கு மூத்தவரான காக்காவுக்கென்று வந்தது. ஒரு வாரத்துக்குள் அது எனக்குச் சொந்தமாகிவிட்டது. கூட வந்த சிறு புத்தகம் முழுக்க இங்கிலீஷ். காக்கா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இந்தா, நீதானே படிச்சவ" என்று என் மடியில் போட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடிக்கப் போகும் முதல் ஆள் நான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தேன். பிறகு ஒருவரும் கமராவைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

வாப்பா திரும்பிப் போனபின், கடிதத்துக்குப் பதிலாக அவர் பேசிப் பதிந்த கசட் ஒன்று வந்தது. எல்லாருடைய சுகத்தையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "மகள், உம்மாட படம் ஒண்டு எடுத்து அனுப்புங்க. எங்கிட்ட ஒண்டுமே இல்ல" என்றார். உண்மைதான். அவர்களுடைய கலியாணத்தில் யாரும் படம் எடுக்கவில்லை.

உம்மா உடனேயே மறுத்துவிட்டார். "என்ட மூஞ்சிய அந்த ஸ்டூடியோக்காரன் தண்ணிக்குள்ள போட்டுக் கழுவிக் கழுவிப் பாக்கிறதா? ஏலா."

அவருக்குத் தெரியாமல் எடுத்திருக்கலாம். களவாக எடுத்த படம் எனக்குத் தேவைப்படவில்லை. பூனையை எடுக்கத் தொடங்கினேன்.

அது வெள்ளைப் பூனை. சூடை மீன் விற்க வந்தவருடைய சைக்கிளுக்குப் பின்னால் வந்து எங்கள் வீட்டு வளவில் நின்றுகொண்டது. கமராவைக் கண்டால் மனிதர்கள் விறைத்துப்போவார்கள். கல்முனை பசாரில் ஸ்டூடியோக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மாப்பிள்ளைமார் எல்லாரும் ஒரே மாப்பிள்ளை போலத்தான் இருந்தார்கள். பூனையோ கண் மூடுவதிலேயே எத்தனை விதம் வைத்திருந்தது! அதன் கண்ணுக்கு நேராகக் கமராவைப் பிடிக்க மணலில் குப்புறக் கிடந்தேன்.

"என்னகா இது, படிக்க அனுப்பின புள்ள பூனைக்குப் பின்னால தவழுது" என்றார் பக்கத்து வீட்டு மாமி.

"தவழ்ந்தாத்தான் மாமி பூனைட உலகம் தெரியும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறா? எலி புடிக்கவா?"

முதல் பிலிம் வீணாகிப்போனது. பாண்டிருப்பிலிருந்து வந்து ஸ்டூடியோ நடத்திய அண்ணன் படங்களை மேசையில் பரப்பி, "தங்கச்சி, பூனை எங்க?" என்று சிரித்தார். பளிச்சென்ற மணலில் வெள்ளைப் பூனை கரைந்து, இரண்டு கண்ணும் ஒரு மூக்கும்தான் மிஞ்சியிருந்தன. அவர் விளக்கம் சொல்லுமுன்பே எனக்குப் பிழை விளங்கிவிட்டது. பூனைக்குப் பின்னால் இருட்டான ஏதாவது வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது அது கண் முன்னாலேயே இருந்தது. உம்மா கறுநீலச் சேலையோடு வாசல் படியில் இருந்தார். பூனை அவர் மடியில் படுத்திருந்தது.

"உம்மா, ஒங்கட மடி வேணும். மூஞ்சி வராது."

"கை?"

"கை வரும்."

"ஆருக்கு அனுப்பப் போறா?"

"வாப்பாக்குத்தான்."

உம்மா பூனையை இறக்கிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். கிணற்றடியில் கை கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது பெருநாளைக்குப் போடும் காப்புகள் கையில் கிடந்தன. சோறு வடிக்கும்போது மணிக்கட்டில் பட்ட சூட்டுப் புண்ணைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "பூனைய வடிவா எடு" என்றார்.

அந்தப் பூனை சும்மா இருக்குமா? தலைப்பை நகத்தால் இழுத்து இழுத்து விளையாடியது. தலைப்பு நழுவியதும் முன்காலைத் தூக்கி உம்மாவின் மணிக்கட்டில், புண்ணுக்குப் பக்கத்தில் வைத்தது. அழுத்திவிட்டேன்.

அது நல்ல படம் என்று கழுவுமுன்பே தெரியும். கழுவியதும் ஸ்டூடியோ அண்ணனுக்கும் தெரிந்தது. ஒவ்வொரு மீசை முடியும் இருட்டில் கீறினாற்போல் நின்றது. "இத நம்மட கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெப்பமா?" என்றார். எனக்கு ஆசை தொண்டை வரை வந்தது. ஆனால் அந்தக் கை பசாருக்காகக் காப்புப் போடவில்லை.

"அது வேணாம் அண்ணன். வேற ஒண்டு தாறன்."

மதிலில் பூனை கொட்டாவி விடும் படம் ஒன்றைக் கொடுத்தேன். இரண்டு மாப்பிள்ளைமாருக்கு நடுவில் அது மாதக்கணக்கில் கொட்டாவி விட்டது. எடுத்தவர் பெயரை அவர் போடவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான்தான் சொன்னேன்.

உம்மாவின் மடிப் படத்தையும் மற்றப் பூனைப் படங்களையும், விடுமுறை முடிந்து சவூதிக்குத் திரும்பிய ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். வாப்பாவின் அடுத்த கசட் வந்த நாளில் மாமியும் வந்திருந்தார். வாப்பா சலாம் சொன்னார். சவளக்கடை வயலுக்குத் தண்ணி வந்ததா என்று கேட்டார். பிறகுதான் படங்களுக்கு வந்தார்.

"மகள், பூனைப் படமெல்லாம் கிடைச்ச. அந்தக் கையில சூடு பட்டிரிக்கே, எப்ப பட்ட? எனக்கு ஒருத்தரும் சொல்லல்லியே. மருந்து போட்டாங்களா?"

காக்கா சிரித்துவிட்டார். மாமி விடவில்லை. "ஒரு பிலிம் முழுக்கப் பூனைய அனுப்பிரிக்கி. அந்த மனிசன் கைய மட்டும் கண்டிரிக்காரு!"

உம்மா யாரையும் பார்க்கவில்லை. "அந்த வயல் கதை எனக்குச் சரியா விளங்கல்ல. அதுல இருந்து இன்னொருக்காப் போடு" என்றார். போட்டேன். வயல் கதை முடிந்த பிறகும் நிறுத்தச் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். "புண் ஆறிட்டு. அவருக்குக் காட்டோணும். பூனையப் புடிச்சிட்டு வா."

நான் ஒன்றும் சொல்லாமலே கறுநீலச் சேலையை உடுத்திருந்தார். வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறதென்று பார்த்து, அந்தப் பக்கம் மணிக்கட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு படியில் இருந்தார். பூனையைத்தான் காணவில்லை. ஒரு சூடை மீன் தலையை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன்.