‘தாமாகவே’ என்று எழுதி வாங்கிய கதை

ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கப் போகிறவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அந்த அறையில் இருக்கிற அத்தனை பேரும் கடைசி பெஞ்ச். பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் அம்மா’ என்று இழுப்பார்கள். நோட்டு கொண்டுவர மாட்டார்கள். நாம் பலகைப் பக்கம் திரும்பினால் பின்னாலிருந்து முறுக்கு கடிக்கும் சத்தம் வரும்.

நான் சிதம்பரத்தில் எம்.எட். படிக்கிறேன். களப்பணிக்கு என்னைத் தள்ளிவிட்ட இடம் கடலூர் பழைய டவுனான ஓ.டி.யில் ஒரு பள்ளிக்கூடம். ஆசிரியர்களுக்கென்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற வீடியோ, வினாடி வினா, வரைபடம் இவற்றை வைத்து எட்டு ஆசிரியர்கள் ஆளுக்கு ஒரு பாடமாவது நடத்த வேண்டும். என் விரல் மவுஸில் படக்கூடாது. ஆறு வாரம் கழித்து எட்டுப் படிவத்திலும் ‘ஆசிரியர் தாமாகவே நடத்தினார்’ என்று எச்.எம். எழுத வேண்டும், என் கைடு மேடம் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு படிவம் குறைந்தாலும் அடுத்த வருஷம் எல்லாம் முதலிலிருந்து. கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் காலை பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பேன்.

‘வகுப்பறையில் தொழில்நுட்பம்: பத்து எளிய படிகள்’ என்று இணையத்தில் எழுதி வைத்திருக்கும் மகான்களே, தைரியம் இருந்தால் ஒரு நாள் ஓ.டி. ஸ்டாப்பில் இறங்கிப் பாருங்கள். என்னைப் போலவே மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பயிற்சியாளர்களே, நீங்கள் வாருங்கள், நம்ம கதையைப் பேசுவோம்.

நாற்பது உருப்படி, நல்ல நிலையில்

முதல் நாள், பயனுள்ள இணையதளங்கள் என்று நாற்பது லிங்க் கொண்ட பட்டியலை எச்.எம்.மிடம் கொடுத்தேன். தலைப்பில் ‘இணைய வளங்கள்’ என்று போட்டிருந்தேன். அதுதான் தப்பு. பள்ளிக்கு எந்த வளம் வந்தாலும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றாமல் விட மாட்டார் அவர். மறுநாள் பார்த்தால், நாற்காலி, பீரோ, தண்ணீர் டிரம் வரிசைக்குக் கீழே சிவப்பு மையில் ‘இணைய வளம் – 40 – நல்ல நிலை’ என்று இருக்கிறது.

இரண்டாவது வாரம் அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்திருக்கிறார். இரண்டு லிங்க் வேலை செய்யவில்லை. ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று வந்ததாம். என்னைக் கூப்பிட்டனுப்பினார். சார், இணையத்தில் இதெல்லாம் சகஜம், யாரோ எடுத்துவிட்டிருப்பார்கள் என்றேன். ‘யாரோ’ என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. இது பொருளே இல்லை சார், பொருளில்லாத ஒன்று எப்படித் தொலையும் என்று நான் அரை மணி நேரம் வாதாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதெல்லாம் சரிம்மா. ஒடைஞ்சிருந்தா கண்டம் பண்ணி கணக்குலேருந்து தள்ளிடலாம், தொலைஞ்சிருந்தா நீ எழுதிக் குடுக்கணும். ஒடைஞ்சிச்சா, தொலைஞ்சிச்சா, அத மட்டும் சொல்லு.”

படம் வரைக

அறிவியல் எடுக்கும் சுலோச்சனா டீச்சர் பாசக்காரர். பாடப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்திலும் சின்னச் சதுரமாக ஒரு க்யூஆர் கோடு இருக்கிறதே, அதைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துங்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகை முழுக்க க்யூஆர் கோடு. சாக்பீஸில், கட்டம் கட்டமாக. வகுப்பே ஸ்கேலும் பென்சிலுமாகக் குனிந்து வரைந்துகொண்டிருக்கிறது. ஒரு பையன் எழுந்து, “டீச்சர், பாகங்களைக் குறிக்கணுமா?” என்கிறான். “மூலையில இருக்குற பெரிய கட்டம் மூணையும் மட்டும் குறி” என்கிறார் டீச்சர்.

எனக்கு வந்ததே கோபம். டீச்சர், இது ஸ்கேன் பண்ணுவதற்கு, வரைவதற்கு இல்லை. கையால் வரைந்தால் செத்தாலும் வேலை செய்யாது, இதோ பாருங்கள் என்று சவால்விட்டு, முன்வரிசைப் பெண் ஒருத்தியின் நோட்டைப் பிடுங்கி என் போனைக் காட்டினேன். கணக்கு கிராஃப் நோட்டு அது. ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணி எண்ணி நிரப்பியிருந்தாள் அந்தப் பாவி. பீப் என்றது போன். இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்று வீடியோ ஓட ஆரம்பித்துவிட்டது.

சுலோச்சனா டீச்சர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: “பாத்தீங்களா, நீட்டா வரைஞ்சா வருது. மத்ததுங்கள்லாம் அழிச்சிட்டுத் திருப்பி வரைங்க.”

கடவுள் சோதித்தார்

பயிற்சிக் குறிப்பைத் தமிழில்தான் கொடுப்பேன் என்று கைடு மேடத்திடம் சண்டை போட்டு ஜெயித்தவள் நான். ‘பாஸ்வேர்டு’ வேண்டாம், ‘கடவுச்சொல்’ என்று இருக்கட்டும் என்றேன். டைப் அடித்த ஜெராக்ஸ் கடைக்காரர் பக்திமான். ‘கடவுள்சொல்லை இடவும்’ என்று அடித்துவிட்டார். நான் பிழை பார்க்கவில்லை. ஆசிரியர்களும் கேள்வி கேட்கவில்லை; இட்டார்கள்.

சமூக அறிவியல் எடுக்கும் கலியபெருமாள் சார் ‘முருகா’ என்று அடித்தார். ‘இது வலிமையற்றது. வேறொன்றை இடவும்’ என்று சிவப்பு எழுத்தில் வந்தது. சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “யாரு வலிமையில்லாதவரு? எவன் சொல்றான் இத?” நான் ஓடிப்போய், அப்படி இல்லை சார், ஓர் எண்ணும் சேர்க்க வேண்டும் என்றேன். உட்கார்ந்து ‘ஆறுமுகா’ என்று அடித்தார். அதற்கும் எண் இல்லை என்று வந்தது. “ஆறு எண்ணு இல்லியா? அப்ப நீ என்னா கணக்கு படிச்ச?” என்று கம்ப்யூட்டரையே கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான்.

அடுத்த கம்ப்யூட்டரில் கணக்கு ஸ்டீபன் சார் எப்போதோ உள்ளே போய் வேலையை ஆரம்பித்திருந்தார். எப்படி என்று எல்லோரும் கேட்க, ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டியதை அறைக்கே கேட்கும்படி சொன்னார்: “எங்க பைபிள் வசனத்துல எழுத்து, எண்ணு, நடுவுல ரெண்டு புள்ளின்னு எல்லாம் ரெடியாவே இருக்கு சார், அப்படியே எடுத்துக்கிச்சு.”

எல்லாச் சாலையும்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்து ஸ்மார்ட் போர்டில் மாவட்ட வரைபடத்தைத் திறந்தோம். பண்ருட்டியைத் தொட்டால் படம் நகர்ந்து பெண்ணாடத்துக்குப் போகிறது. கிள்ளையைத் தொட்டாலும் பெண்ணாடம். வைரஸ், ஹேக்கிங் என்று நான் ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தெரிந்தது: பூஜைக்கு அலுவலக உதவியாளர் கோவிந்தன் அண்ணன் போர்டின் ஓரச் சட்டத்தில் கொழகொழவென்று சந்தனம் அப்பிப் பொட்டு வைத்திருக்கிறார். அங்கே யாரோ நிரந்தரமாக விரலை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு போர்டு இழுத்துக்கொண்டே இருக்கிறது. கோவிந்தன் அண்ணன் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பெண்ணாடம் எம் பொண்டாட்டி ஊரும்மா. நானு எங்க கிளம்புனாலும் அங்கதான் போய் நிப்பேன், அதுக்கு மட்டும் வேற கதியா?”

ஒரு மரத்தில் மாட்டிய எட்டாவது படிவம்

ஐந்தாவது வாரக் கடைசியில் ஏழு பேர் முடித்துவிட்டார்கள். பாக்கி கலியபெருமாள் சார். சதுப்பு நிலக் காடுகள் பாடத்துக்கு அருமையான ஆறு நிமிட வீடியோ ஒன்றைத் தேடிக் கொடுத்திருந்தேன். சாருக்குச் சொந்த ஊர் கிள்ளை. பிச்சாவரம் அவர் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. வீடியோவில் ஒரு குரல் ‘இது தில்லை மரம்’ என்றது. சார் நிறுத்தினார். “கால் ஊனிக்கினு நிக்குது பாரு, இது சுரபுன்னை. தில்லைக்கு ஏது இந்தக் காலு?” வீடியோவின் கீழே தப்பைச் சுட்டிக்காட்டிக் கருத்து எழுதினார். அவரே, இரண்டு விரலால், இருபது நிமிஷம். பிறகு மவுஸை வைத்துவிட்டார். பதில் வரும்வரை பாடம் இல்லையாம்.

பதில் வராது சார் என்றேன். ஏன் வராது என்றார். அவர்களுக்கு ஆயிரம் வேலை என்றேன். தப்பாகச் சொல்ல மட்டும் நேரம் இருந்ததா என்றார். மூன்று நாள் ஸ்டாஃப் ரூமில் இதே வாக்குவாதம். நடுவில் எனக்கே அவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்ற ஆரம்பித்தது, அது இன்னும் எரிச்சல். கடைசியில், அந்தத் தப்பையே பாடமாக நடத்துங்கள் சார், எங்கே தப்பு என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், கைடு மேடமும் வந்து பார்க்கட்டும் என்றேன். முகவாயைத் தடவினார். “மேடம் எந்த ஊரு? சிதம்பரமா? அப்ப தில்லை யாருதுன்னு அவுங்களுக்கும் தெரியணும்ல, வரச்சொல்லு.”

நீ என்னதான் செய்தாய்?

கைடு மேடம் வந்த அன்று எல்லாம் மிக நன்றாக நடந்தது. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். கலியபெருமாள் சார் தானே திறந்தார், தானே ஓட்டினார், சரியான இடத்தில் நிறுத்தினார். “இதுல என்னாடா தப்பு?” என்றதும், அப்பாவோடு படகில் போய்ப் பழகிய பையன்கள் நான்கு பேர் வீடியோவோடு சண்டைக்கே போனார்கள். மேடம் எழுந்து நின்று பார்த்தார்.

பிறகு எட்டுப் பேரையும் உட்கார வைத்து, இதையெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். இங்கேதான் நான் செய்த வினை. கேட்டால் ‘தாமாகவே’ என்று மட்டும் சொல்லுங்கள், வேறு எதையும் உளறாதீர்கள் என்று ஒரு வாரமாக ஒவ்வொருவரிடமும் கெஞ்சியிருந்தேன். பாசமுள்ள ஜனங்கள். “யாரும் இல்ல மேடம், நாங்களேதான்” என்றார் ஸ்டீபன் சார். “தாமாகவே” என்றார் கலியபெருமாள் சார், அழுத்தம் திருத்தமாக. எச்.எம். இன்னும் ஒரு படி மேலே போய், எட்டுப் படிவத்திலும் ‘ஆசிரியர் தாமாகவே நடத்தினார். பிறர் உதவி எதுவும் தேவைப்படவில்லை’ என்று எழுதி முத்திரையும் குத்தியிருந்தார். மேடம் படிவங்களை மூடினார். “அப்ப ஆறு வாரமா நீ இங்க என்னதான் பண்ணிக்கிட்டு இருந்த?”

போச்சு ஒரு வருஷம் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது சுலோச்சனா டீச்சருக்குப் பொறுக்கவில்லை. “அய்ய, இவ எங்க மேடம் ஒண்ணும் பண்ணா? ஒரே ஒரு தடவ மவுச புடிச்சிக் குடுடின்னு அழுதேகூட பாத்துட்டேன். கையப் பின்னால கட்டிக்கினு தள்ளி நின்னு, ‘நீங்களே பண்ணுங்க டீச்சர், நீங்களே பண்ணுங்க’ன்னு உயிர எடுத்தா. இவ தொல்ல தாங்காமத்தான் மேடம் நாங்களே கத்துக்கினோம்!” மற்ற ஏழு தலைகளும் ஆமாம் ஆமாம் என்று ஆடின. ஆறு வாரத்து ஆத்திரம் அத்தனையும் அந்தத் தலையாட்டலில் இருந்தது.

மேடம் என்னைப் பார்த்தார். படிவங்களைத் திரும்பத் திறந்தார். எட்டிலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். “நல்லா கேட்டுக்கோ. இதையும் நான் தாமாகவேதான் போட்டிருக்கேன். உன் உதவி எதுவும் தேவைப்படல.”

ஆகவே சக பயிற்சியாளர்களே, நாம் வராமலே இருந்திருந்தாலும் இதெல்லாம் நடந்திருக்கும் என்று நாற்காலியில் இருக்கிற எல்லோரும் மனதார நம்பும்வரை அவர்கள் உயிரை எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் சிதம்பரம் பஸ் ஏறுவதுதான் நம் தொழில்.