வலது பக்கத்து வெள்ளை

போன சனிக்கிழமை, என் மனைவியின் நெஞ்சுக்கூட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம் — நானும் மகளும்.

இருமல் விடவில்லை என்று பண்டாரவளையில் எடுத்த எக்ஸ்ரே. டொக்டரிடம் காட்டத் திங்கட்கிழமை வரை பொறுக்க வேண்டும். பொறுப்பதா... நானா? பஸ் கொஞ்சம் பிந்தினாலே, உருண்டுவிட்டதோ என்று பள்ளத்தில் எட்டிப் பார்க்கிற ஆள் நான். உங்களுக்குத்தான் தெரியுமே.

மகள் தர்ஷினி லீவில் வந்திருந்தாள். கொழும்பில் எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு, முதல் வருடம். படம் பார்க்க இப்போதுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள், தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு அது போதாதா? படத்தை நீட்டிவிட்டேன்.

முதலில் பெயரைச் சரிபார்த்தாள். பிறகு பக்கம்.

“அம்மா நமக்கு எதுத்தாப்புல நிக்கிறாங்கன்னு நெனச்சுக்கங்கப்பா. நம்ம இடது கைப்பக்கம், அவங்களுக்கு வலது.”

விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே விரல் மேலே போனது. வலது பக்கம், கழுத்தெலும்புக்குக் கிட்டே நின்றது. மலையில் பனி இறங்கினாற்போல ஒரு வெள்ளை.

“என்ன புள்ள?”

“தெரியலப்பா.”

நான் விடுவேனா? துருவித் துருவிக் கேட்டேன். நுரையீரலின் உச்சியில் வெள்ளை என்றால் டீபி என்கிற காசநோயாக இருக்கலாம் என்று வகுப்பில் சொன்னார்களாம். அடுப்படியிலிருந்து இருமல் கேட்டது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆனால் தர்ஷினி படத்தைக் கீழே வைக்கவில்லை. “இந்த வெள்ள கழுத்து வரைக்கும் போகுதே... அங்க ஏதுப்பா நுரையீரல்?” என்றவள், விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே.

மனைவி குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கனத்த பின்னல் வலது தோள் வழியாக முன்னால் சரிந்து கிடந்தது.

“அம்மா, படம் எடுக்கிறப்ப சடை எங்க கெடந்துச்சு?”

“இந்தா, இங்கதான். கழுத்துல கெடந்ததக் கழட்டச் சொன்னாங்க, கழட்டுனேன். முடியவுமா கழட்டச் சொன்னாங்க?”

கனத்த சடையும் படத்தில் வெள்ளையாக விழுமாம் என்று மகள் சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். தன் பேச்சை நம்பி விட்டுவிடக் கூடாது, கொண்டை போட்டு இன்னொரு படம் எடுத்தே ஆக வேண்டும் என்றாள்.

திங்கட்கிழமை டொக்டரும் அதையேதான் சொன்னார். இரண்டாவது படத்தில் அந்த இடம் நல்ல கறுப்பு; காற்று நிறைந்த நுரையீரல் அப்படித்தான் தெரியுமாம். இருமலுக்கு மருந்து கொடுத்து, அடுப்புப் புகையிலிருந்து தள்ளியிருக்கச் சொல்லி அனுப்பினார்.

உடம்புக்கு உள்ளே இருப்பதையும் மேலே கிடப்பதையும் எக்ஸ்ரே ஒரே தாளில் அமுக்கிக் காட்டிவிடுகிறது. பயமும் அப்படித்தான் போலும். ‘தெரியல’ என்று சொன்ன பிறகும் மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானோ அந்த ஒரு சொல்லிலேயே பாதி செத்துவிட்டேன். இத்தனை வயதாகி என்ன படித்தேன்?

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி மெதுவாகச் சொன்னாள்: “என் முடிய அப்படிப் பாக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்... கண்ணு பட்டுருச்சு பாத்தீங்களா?”

இந்த ஒரு குற்றச்சாட்டை மட்டும் நான் மறுக்கவில்லை.