இரண்டாகப் பிரித்த கம்ப்யூட்டர்

தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. முன்னறையில் நான் டி.டி.பி. வேலை செய்துகொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கட்சி நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் அடித்து, ட்ரேஸிங் தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். அதைக் கொண்டுபோய் அச்சகத்தில் போஸ்டராகப் போட்டுக்கொள்வார்கள். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருக்கும். முகூர்த்த மாதங்களில் மணிக்கட்டு வீங்கிவிடும். சாப்பாட்டுத் தட்டு கீபோர்டுக்குப் பக்கத்திலேயே காயும்.

என் கணவர் செங்கம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சி.டி.யில், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸை அவர் பார்த்தார். அதன் மெனுக்களைத் தமிழாக்க ஊர் ஊராக இருந்து ஆட்கள் சேர்ந்து, மின்னஞ்சலிலேயே வேலையைப் பிரித்துச் செய்துகொண்டிருந்தார்கள். அவரும் போய்ச் சேர்ந்துகொண்டார். எனக்கோ விண்டோஸ் இல்லாமல் முடியாது. என் தமிழ் எழுத்துருக்களும், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும் அதில்தான் ஓடும். வீட்டில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர்.

"ஹார்ட் டிஸ்க்க ரெண்டா பிரிச்சிடலாம். உன்னுது ஒரு பக்கம், என்னுது ஒரு பக்கம். ஆன் பண்றப்போ எது வேணும்னு அதுவே கேக்கும்."

"இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தார். சிதறிக் கிடந்த ஃபைல்களை ஒரு பக்கமாக ஒதுக்கவே மதியம் ஆகிவிட்டது. திரையில் நீலக் கட்டங்கள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே நான் வெங்காயம் உரித்தேன். கரண்ட் போய்விடுமோ என்று அவர் யு.பி.எஸ்.ஸின் பச்சை விளக்கைப் பார்த்தபடியே இருந்தார். கரண்ட் போகவில்லை. சாயங்காலம் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்து நின்றன: மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மேலே இருப்பது தானாகவே கிளம்பிவிடும். மறுநாள் நான் பால் காய்ச்சிவிட்டு வருவதற்குள் லினக்ஸ் வந்து நின்றது. அதை நிறுத்தி, திரும்ப ஆன் செய்து, அம்புக்குறியைத் தட்டி விண்டோஸுக்குப் போவதற்குள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அன்று மாலை கணவர் விண்டோஸை மேலே மாற்றிவைத்தார்.

அதன் பிறகு மாலையில் நான் எழுந்ததும் அவர் உட்காருவார். பகல் முழுக்க வகுப்பில் கத்திவிட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த மனிதர். நாற்காலியில் என் சூடு ஆறியிருக்காது.

"கேன்சலுக்கு என்ன போடலாம்?" என்பார் அடுப்படிப் பக்கம் பார்த்து.

"ரத்து."

"அது உருதுலேர்ந்து வந்ததாச்சே."

"நாம ஜாஸ்தி, கம்மினு பேசுறது மட்டும் என்னவாம்? போடுங்க."

சில நாள் சிரிப்பு வரும். பல நாள் எனக்கு அடுப்படியிலேயே கண் சொக்கும்.

ஒரு பௌர்ணமி சனிக்கிழமையன்று வந்தது வினை. முந்தின நாள் மாலை அவர் லினக்ஸின் மையப் பகுதியைப் புதிதாக மாற்றியிருந்தார். மாற்றியதை அந்தத் தொடக்க மெனுவுக்கும் தெரிவிக்க வேண்டுமாம். அசதியில் அதை மறந்துவிட்டார். காலையில் நான் ஆன் செய்தபோது திரையில் இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் வந்து அப்படியே நின்றன. மெனு வரவில்லை. அவருடையதும் வரவில்லை, என்னுடையதும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து அடி அண்ணாமலையிலிருந்து ஒருவர் வந்தார். விவசாயி, ஐம்பது வயதிருக்கும். விடியற்காலையில் அவருடைய அண்ணன் இறந்துபோயிருந்தார்.

"சாயந்திரம் எடுக்கறோம்மா. அதுக்குள்ள போஸ்டர் ஒட்டணும்."

"மிஷின் கிளம்ப மாட்டேங்குதுங்க. வேற கடையில பாருங்களேன்."

"ரெண்டு கடையில கேட்டுட்டேன். சாயந்திரம் வானு சொல்றாங்க. கிரிவலம்னு ரோட்டையெல்லாம் வேற அடைச்சிட்டாங்க. கூட்டத்துல நடந்துதான் வந்தேன்." ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். எங்களை அவசரப்படுத்தவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கணவர் லினக்ஸ் சி.டி.யைப் போட்டுப் பார்த்தார். அது சுற்றிச் சுற்றிக் கரகரத்து நின்றது. துடைத்துப் போட்டார். திரும்பவும் அதே கரகரப்பு. பிறகு அலமாரியிலிருந்து விண்டோஸ் ஃப்ளாப்பியை எடுத்துவந்தார்.

"இதுல ஒரு வரி அடிச்சா உன்னுது வந்துடும்."

"உங்களுது?"

"உள்ளதான் இருக்கும். போறதுக்கு வழி இருக்காது." அடித்துவிட்டு எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்தார். விண்டோஸ் வந்தது.

அண்ணன் தனியாக எடுத்துக்கொண்ட படம் எதுவும் அவர்களிடம் இல்லை. ஏதோ கல்யாணத்தில் எல்லோரும் வரிசையாக நின்ற படம்தான் இருந்தது. ஸ்கேன் செய்து, முகத்தையும் மார்பையும் மட்டும் வெட்டி எடுத்தேன்.

"தோள் மேல யாரோ கை போட்டிருக்காங்க. அழிச்சிடட்டுங்களா?"

அவர் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அது என்னுதும்மா." விரலை அந்தக் கையின் மேல் வைத்தார். "உட்டுடுங்க. இருந்துட்டுப் போவட்டும்."

விட்டுவிட்டேன். ட்ரேஸிங்கைச் சுருட்டி வாங்கிக்கொண்டு கிரிவலக் கூட்டத்துக்குள் இறங்கிப் போனார். கணவர் வாசலில் நின்று, அவர் தலை மறையும்வரை பார்த்தார்.

மெனுவை மறுபடி கொண்டுவருவது பெரிய வேலையில்லை, நல்ல சி.டி. ஒன்று கிடைத்தால் போதும் என்றார். ஆனால் சி.டி. வாங்கவில்லை. நான் கேட்டபோதெல்லாம், "பார்த்துக்கலாம் விடு" என்றார். அதற்குள் போளூர் பக்கம் மாற்றலாகியிருந்தார்; வீடு திரும்பவே இருட்டிவிடும். பாதி டிஸ்க் விண்டோஸின் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கிடந்தது. கோடை விடுமுறையில் நானே தெரிந்த கடையில் சொல்லிவைத்து ஒரு சி.டி. வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் மெனு வந்துவிட்டது. லினக்ஸும் வந்தது. இணையத்தில் அந்தக் குழுவின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அவர் பங்கில் இருந்த மெனுக்களை வேறு யாரோ முடித்திருந்தார்கள். அவர் போட்ட வார்த்தைகளில் சில இருந்தன, சில மாறியிருந்தன. கீழ்வரை படித்தார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்காங்க," என்றார்.

அதற்குப் பிறகு அவர் அதில் அதிகம் உட்காரவில்லை. இரண்டு வருடம் கழித்துப் புது கம்ப்யூட்டர் வாங்கப் போனோம். விண்டோஸா லினக்ஸா, எதைப் போடட்டும் என்று கடைக்காரர் கேட்டார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் வெளியே பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் போடுங்க," என்றேன்.

அவர் திரும்பி, "எதுக்கு?" என்றார். "இருந்துட்டுப் போகட்டும்," என்றேன். ஆட்டோவில் பெட்டியை இருவர் மடியிலுமாக வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் இடுப்பு வலித்தது.