ஒரு லெப்டொப்புக்குள் இரண்டு குடித்தனம்

கொம்பியூட்டர் திருத்துகிற தொழிலில் மெசினைத் திருத்துவது கால்வாசி வேலைதான். மிச்சமெல்லாம் ஆக்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் தேடுகிற வேலை. "உனக்குத்தானே கொம்பியூட்டர் தெரியும்" என்று சொல்லி, சொந்தக்காரர் அயலவர் எல்லாருடைய மெசினையும் யாருடைய தலையில் கட்டியிருக்கிறார்களோ, அவர்களுக்கு நான் சொல்லப்போவது நன்றாக விளங்கும்.

என் கடை வாழைச்சேனையில். போன வருசம் ஓட்டமாவடியிலிருந்து ஜெசீமா ராத்தா இரண்டு லெப்டொப்போடு வந்தார். முஸ்லிம் ஆக்கள் அக்காவை ராத்தா என்றும் அண்ணனை நானா என்றும் சொல்வார்கள். எம்பிராய்டரி மெசின் வைத்து அபாயாவில் பூ வேலை செய்கிறவர். பதினொரு வருசமாக அவர் தானே வரைந்த பூக்கள் எல்லாம் பழைய லெப்டொப்பில், அந்த மெசினோடு வந்த ஒரு சொப்ட்வெயாருக்குள் இருந்தன. அது பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பழைய லெப்டொப்போ நின்று நின்று எழும்பிக்கொண்டிருந்தது. புதியது கட்டாரிலிருந்து தம்பிக்காரன் அனுப்பியது. அதில் அந்த சொப்ட்வெயார் திறக்கவே மாட்டேன் என்றது. அந்தப் பூக்கள் போனால் ராத்தாவின் தொழிலே போச்சு.

நாற்பத்தெட்டு இலக்கம்

முதலில் எனக்குத் தோன்றியது, புதியதின் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் புது விண்டோஸ், மறுபக்கம் பழைய விண்டோஸ் என்று குடிவைப்பது. மெசினை எழுப்பும்போது எது வேண்டும் என்று அது கேட்கும். ஒன்று எழும்பினால் மற்றது படுத்துக் கிடக்கும். வயல் வட்டைக்கு நடுவில் வரம்பு கட்டுகிற மாதிரி என்றேன். ராத்தாவுக்கு உடனே விளங்கிவிட்டது. மெசினுக்குத்தான் விளங்கவில்லை.

ஸ்டார்ட் ஆகிற செட்டிங் ஒன்றைத்தான் மாற்றினேன். கள்ளன் வந்துவிட்டான் என்று நினைத்ததோ என்னவோ, புது லெப்டொப் தன்னைப் பூட்டிக்கொண்டு நாற்பத்தெட்டு இலக்கத்தில் ஒரு எண் கேட்டது. அந்த எண்ணுக்கு நாங்கள் எங்கே போவது? தம்பிக்காரன் அனுப்ப முதலே எல்லாவற்றையும் தன் பெயரில், தன் ஈமெயிலில் பதிந்துவிட்டான். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிற சாமான் பாதி இப்படித்தான்; பாவிக்கிறவர் இங்கே, சொந்தக்காரர் அங்கே. போனில் பிடித்தோம். வேலைத்தளத்தில் நின்றபடி ஆறு ஆறாக வாசித்தான். இரண்டு தரம் பிழைத்து மூன்றாம் தரம் திறந்தது. இவ்வளவு பாடுபட்டும் பழைய விண்டோஸ் அந்தப் புது மெசினில் ஏறவில்லை. தம்பிக்காரன் மட்டும் விடாமல் கேட்டான்: "ராத்தாட பூவுக்கு இவ்வளவு பெரிய பூட்ட ஆரு அண்ணன் போட்ட?"

கம்பியை உருவிய சேர்

அன்றைக்குக் கடையில் இன்னொருவரும் காத்திருந்தார். பழுகாமத்துக் கணித சேர். பள்ளிக்கூடம் விட்டால் வயல் வேலை. அவருடைய மெசினில் இருக்கிறதைத் தொடாமல் விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டார். ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அந்தப் பென்னிலிருந்தே மெசினை எழுப்பிக் காட்டினேன். டிஸ்க்கில் ஒரு எழுத்தும் மாறாது, பிடிக்காவிட்டால் பென்னைக் கழற்றிவிட்டுப் பேசாமல் போகலாம் என்றேன். சேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ராத்தாவும் தன் கவலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

கடைக்கு வந்த வேறொருவரோடு கதைத்துவிட்டுத் திரும்பினால் திரையில் படம் அப்படியே உறைந்து நிற்கிறது. பென் சேரின் சட்டைப் பைக்குள். முழுச் சிஸ்டமும் அதற்குள்தானே இருக்கிறது, ஏன் சேர் கழற்றினீர்கள் என்று கேட்டேன். சேர் தன் ரெண்டு சில்லு உழவு மெசினைச் சொன்னார். அதைக் கம்பி குத்திச் சுழற்றி எழுப்புவார்கள். எழும்பினதும் கம்பியை உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் கையை உடைத்துவிடும். "எஞ்சின் பிடிச்சாப் பிறகும் கம்பியக் குத்தி வைச்சிருக்கிறதோ தம்பி?"

பெட்டிக்குள் பெட்டி

ராத்தாவுக்குக் கடைசியில் சரிவந்த வழி இதுதான். புது விண்டோஸுக்குள் ஒரு ஜன்னலைத் திறந்து, அந்த ஜன்னலுக்குள் ஒரு பொய் கொம்பியூட்டரை உண்டாக்கினேன். பழைய விண்டோஸ் அதற்குள் ஒரு முறுமுறுப்பும் இல்லாமல் ஏறிக்கொண்டது. சொப்ட்வெயாரைப் போட்டு, பதினொரு வருசப் பூவையும் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். கொடி, மொட்டு, இலை என்று ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. ராத்தாவின் கண் கலங்கியிருந்தது. எனக்கும் சந்தோசம் பொங்கியது.

பிறகு கேள்வி தொடங்கியது. ரெண்டும் ஒரே நேரம் ஓடுதா? ஓம். ஒரே மெமரியையா பங்குபோடுது? ஓம், அதனால்தான் கொஞ்சம் ஆறுதலாக, மெதுவாக ஓடுகிறது. கடைசியாக ஒன்று கேட்டார்: "அப்ப உள்ளுக்கு இரிக்கிற கொம்பியூட்டருக்குத் தெரியுமா தம்பி, அது உள்ளுக்குத்தான் இரிக்கிற எண்டு?"

இருபத்தாறு ஜீபி

நாலு மாதம் ஒரு சத்தமும் இல்லை. அதற்குள் பழைய லெப்டொப் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை ராத்தா அழுதுகொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை நிக்காஹ், பொண்ணு தெரிந்தெடுத்த கொடிப்பூ உள்ளே இருக்கிறது, உள்ளே இருந்த கொம்பியூட்டரைக் காணோம். திறந்து பார்த்தேன். உண்மைதான். அந்தப் பொய் கொம்பியூட்டர் முழுவதும் டிஸ்க்கில் ஒரேயொரு ஃபைல்தான், இருபத்தாறு ஜீபி. அந்த ஃபைல் இருந்த இடம் வெறுமை. ஊருக்கெல்லாம் கொப்பி எடுத்து வையுங்கள் என்று சொல்கிற நான், ராத்தாவுக்கு ஒரு கொப்பி எடுத்துக் கொடுக்கவில்லை.

லெப்டொப்பை வேறு யாரும் தொட்டார்களா என்று கேட்டேன். அவருடைய மனுசன் கலீல் நானா, பொலன்னறுவை பஸ் ஓட்டுகிறவர், லீவு நாளில் படம் பார்ப்பாராம். அன்றைக்கும் லீவு, வீட்டில்தான் நின்றார். போன் எடுத்துக் கேட்டோம். நானா ஆறுதலாகச் சொன்னார்: லெப்டொப்பில் பெரிய படம் ஒன்று கிடந்தது, கட்டார் மச்சான் அனுப்பினதாக்கும் என்று டிவியில் மாட்டியிருக்கிற ஹாட் டிஸ்க்குக்கு மாற்றினாராம். மூன்று தரம் போட்டுப் பார்த்தும் ஓடவில்லையாம். அழித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

இல்லையாம். அரைமணித்தியாலத்தில் அந்த டிஸ்க்கோடு கடைக்கே வந்தார். இருபத்தாறு ஜீபியும் ஒரு குறையில்லாமல் இரண்டு சண்டைப் படத்துக்கு நடுவில் கிடந்தது. திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். பழைய விண்டோஸ் எழும்பியது, கொடிப்பூ வந்தது. ராத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓடாத படத்தை ஏன் அழிக்காமல் வைத்திருந்தீர்கள் என்று மனுசனைக் கேட்டார். நானா கொஞ்சம் வெட்கப்பட்டுச் சொன்னார்: "மச்சான் அவ்வளவு தூரத்தில இரிந்து அனுப்பின படம் புள்ள, அழிக்க மனம் வரல்ல; அவன் லீவுல வந்தா ஓட வைப்பான் எண்டு வைச்ச."

ஒரு கொம்பியூட்டரில் இரண்டாவது சிஸ்டம் ஓட்ட எனக்கு மூன்று வழி தெரியும், ஆனால் அதைக் காப்பாற்றத் தெரிந்திருந்தது ஓடாத படத்தையும் அழிக்க மனம் வராத ஒரு பஸ் டிரைவருக்குத்தான்.