கோப்பில் இருந்த கை

பத்திரிகை வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற மறு வருடம், நாகர்கோவிலில் உள்ள ஓர் அறிவியல் சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். மாவட்டத்தில் வேலை செய்யும் அறிவியலாளர் ஒருவருக்கு அவர்கள் ஆண்டுதோறும் விருது கொடுக்கிறார்கள். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. தேர்வுக் குழுவில் அவரையும் சேர்த்து மூன்று பேர். அதில் ஒருவராக என்னை இருக்கச் சொன்னார். காரணத்தையும் மறைக்கவில்லை. முந்தைய விழாவில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து, சுவரில் இருக்கும் விருதாளர் பலகையில் ஒரே ஒரு பெண்ணின் பெயர்தான் இருக்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறாள்.

"அதாக்கும் அக்கா, கமிட்டியில ஒரு லேடி இருக்கட்டும்னு தீர்மானம் போட்டோம்" என்றார்.

பழைய கோப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்தேன். பெண்களை யாரும் நிராகரித்திருக்கவில்லை. அந்த ஒருவரைத் தவிர, அவர்களுடைய பெயர்கள் வந்து சேரவே இல்லை. பரிந்துரைப் படிவத்தில் அலுவலகத் தலைவர் கையெழுத்திட வேண்டும். தலைவர்கள் தங்களுடன் ஐந்து மணிக்கு மேலும் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களை எழுதியிருந்தார்கள். ஐந்து மணிக்குப் பிறகு பெண்கள் பஸ்ஸில் இருந்தார்கள். செயலாளரிடம் இதைச் சொன்னபோது, வந்தால்தானே பார்க்க முடியும் என்றார். அது உண்மைதான். தலைவரின் கையெழுத்து இல்லாமல் நேராகவும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிக்கச் சொன்னேன். குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர், இயற்பியல்காரர். அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

நேராக வந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று. தேனீ ஆராய்ச்சியில் இருக்கும் ஒரு பெண் அனுப்பியிருந்தார். கடைசி நாளுக்கு முந்தின நாள் அது வந்தது. அவருக்கு நாற்பத்தைந்து நிறைய ஐந்து மாதம் இருந்தது. அடுத்த வருடம் விண்ணப்பிக்க முடியாது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு மேற்கே ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகின. புழுக்கள் வளர்வதற்கு முன்பே செத்தன. புதுக்கடை ஊர்ப் பக்கம் சில வீடுகளில் மட்டும் ஒன்றிரண்டு பெட்டிகள் தப்பின. தப்பியவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றிலிருந்து ராணிகளை வளர்த்து, காலியான பெட்டிகளுக்குக் கொடுத்தார்கள். இன்று அங்கே தேன் எடுப்பவர்களிடம் இருப்பவை பெரும்பாலும் அந்த ராணிகளின் வழிவந்தவை. அந்த வேலையைத் தான் தொடங்கியதாக அந்தப் பெண் எழுதியிருந்தார். அதே வேலைக்காக, அதே அலுவலகத்திலிருந்து, தலைவர் கையெழுத்துடன் இன்னொரு கோப்பும் வந்திருந்தது. அது அவருடன் வேலை செய்த ஓர் ஆணுடையது.

கூட்டத்தில் முதல்வர் இரண்டாவது கோப்பைத்தான் முதலில் திறந்தார். உள்ளே ஒரு பத்திரிகை நறுக்கு இருந்தது. படத்தின் நடுவில் அந்த ஆண் நின்றார். அவர் முன்னால் பெட்டியிலிருந்து எடுத்த, தேனீ மொய்த்த மரச்சட்டம் ஒன்று. அவருடைய குழு நோயை எதிர்க்கும் தேனீக்களைக் கண்டறிந்ததாகச் செய்தி சொன்னது. வெளியாள் ஒருவர் எழுதியது, இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று முதல்வர் கேட்டார்.

நறுக்கை வாங்கிப் பார்த்தேன். சட்டத்தைப் பிடித்திருந்த கை அந்த ஆணுடையது அல்ல. அது படத்தின் இடது ஓரத்திலிருந்து உள்ளே நீண்டிருந்தது. மணிக்கட்டில் கறுப்பு வார் வைத்த கடிகாரம், முகப்பு உள்பக்கம் திரும்பியிருந்தது. கைக்கு உரிய ஆள் படத்தில் இல்லை.

அந்தப் பக்கத்தை அமைத்தது நான். மூன்று பத்தி அகலத்துக்கு வந்த படம், இடம் போதாமல் இரண்டு பத்தியாகச் சுருங்கியது. ஓரத்தில் நிற்பவரை வெட்டுவது செய்தி மேசையில் எங்களுக்குப் பழக்கம். ஓரத்தில் நிற்பது பெரும்பாலும் பெண்கள்தான் என்பதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி யோசித்ததில்லை. நிருபர் கேட்டபோது சார் சொல்லுவாங்க என்று அந்தப் பெண் ஒதுங்கிவிட்டதும் எனக்குத் தெரியும். நிருபரே அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். யார் பேசினாரோ அவர் கண்டுபிடித்ததாகத் தலைப்பு வைத்தேன்.

இதைக் கூட்டத்தில் சொன்னேன்.

"வெட்டினது நீங்களாக்கும்?" என்றார் முதல்வர். பிறகு செயலாளரைப் பார்த்து, "பத்திரிகையில உள்ளதை நாம நம்புதோம். பத்திரிகைக்காரியே நம்பாண்டாம்னு சொல்லுதாவ" என்றார்.

செயலாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பெண்ணின் கோப்பில் இருந்த குறிப்பேட்டு நகல்களை எடுத்து வைத்தேன். வீட்டு எண், பெட்டி எண், எத்தனை சட்டத்தில் புழு செத்திருந்தது, எதில் சாகவில்லை என்று நாள்வாரியாக இருந்தது. முதல் எட்டு மாதம் ஒரே கையெழுத்து, விண்ணப்பத்தில் இருந்த அதே கையெழுத்து. முதல்வர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்தார். இயற்பியல்காரர் என்பதால் அட்டவணை அவருக்குப் பிடித்தது. படித்து முடித்து, அந்த ஆணுக்குப் போன் போடச் சொன்னார்.

செயலாளர் ஒலிபெருக்கியில் போட்டார். வேலையைத் தொடங்கியது யார் என்று முதல்வர் கேட்டார்.

"ஆரம்பிச்சது அவங்கதான் சார். நான் எட்டு மாசம் கழிச்சுத்தான் அந்த வேலைக்கு வந்தேன். ஃபார்மை ஆபீஸில நிரப்பி அனுப்பினாங்க, என்னட்ட யாரும் கேக்கல்ல."

பொய் சொன்னவர் யாரும் இல்லை. கேட்டவரும் இல்லை.

முதல்வருக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. ஓர் அலுவலகத் தலைவர் கையெழுத்திட்டு அனுப்பியதை எப்படித் திருப்புவது? விருதை அந்த ஆணுக்கே கொடுத்துவிட்டு, சிறந்த பெண் அறிவியலாளர் என்று புதிதாக ஒன்றை இந்த அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்றார். மாணவியின் கேள்விக்கும் அது பதிலாகிவிடும். செயலாளர் அதை உடனே எழுதிக்கொண்டார். பெண்ணின் கருத்தைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்றேன். அவருக்கும் போன் போட்டார்கள்.

அவர் தோட்டத்தில் இருந்தார். காற்று இரைந்தது. முதல்வர் யோசனையை மரியாதையாக விளக்கினார். தனியாக ஒரு விருது என்றதும் அவர் குறுக்கிட்டார்.

"பொம்பளையளுக்குன்னு தனியா வேண்டாம் சார். செஞ்ச வேலைக்கு உள்ளதைக் கேட்டேன். இல்லைன்னா இல்லை."

அந்தப் பெண் தொடர்ந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? நேரா அனுப்பலாம்ங்கது இந்த வருஷத்துக்கு மட்டுமா?"

"இந்த வருஷத்துக்கு மட்டும்தான் தீர்மானம்."

"எனக்கு வயசு தாண்டிரும். எங்க ஆபீஸில எனக்குப் பொறவு ரெண்டு பொம்பளப் பிள்ளையள் இருக்கு சார். அதுகளுக்கும் யாரும் கையெழுத்து போடப்போறதில்ல. எனக்குத் தந்தாலும் தரல்லன்னாலும் அதைக் கொஞ்சம் பாருங்க."

போனை வைத்த பிறகு முதல்வர் குறிப்பேட்டு நகல்களை மறுபடி புரட்டினார். சிறப்பு விருது என்று எழுதிய வரியை அடிக்கச் சொன்னார். விருது அந்தப் பெண்ணுக்கு என்று மூவரும் கையெழுத்திட்டோம். திருப்பி அனுப்பும் கடிதத்தை அலுவலகத் தலைவருக்குத் தானே எழுதுவதாக முதல்வர் ஏற்றுக்கொண்டார். விதியை நிரந்தரமாக மாற்றுவது குழுவின் கையில் இல்லை, பொதுக்குழுவுக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்.

பெயர் அறிவிக்கப்பட்டதும் என் பழைய பத்திரிகை அதை உள்பக்கத்தில் போட்டது. தலைப்பில் 'பெண் விஞ்ஞானி' என்று இருந்தது. நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

பொதுக்குழு இரண்டு மாதம் கழித்துக் கூடியது. நேரடி விண்ணப்பம் நிகழ்ச்சி நிரலில் நான்காவது. ஒவ்வொருவரும் எந்தப் பகுதியைச் செய்தார்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்பதையும் அதனுடன் எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்றாவது, விழா மண்டபம் பற்றியது. அது முடியும்போது மணி ஒன்றரை. சாப்பாட்டுப் பந்தி தயார் என்று யாரோ சொல்ல, பின் வரிசையில் நாற்காலிகளை நகர்த்திச் சிலர் எழுந்தார்கள். நான்காவதை அடுத்த கூட்டத்தில் வைக்கலாமா என்று செயலாளர் என்னைப் பார்த்துக் கேட்டார். வேண்டாம் என்று எழுந்து, நின்றவர்கள் உட்காரும் முன்பே நான்காவது தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கினேன்.