மாயக்காள் பார்க்காத படம்

என் அண்ணன் தவசியின் பெண்சாதி மாயக்காள் வாரம் ஆறு நாளும் போடியில் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கினாள். ஞாயிறு மட்டும் லீவு. ஆனால் அன்றைக்குத்தான் அவளுக்குச் சோலி அதிகம். அண்ணன் மலைமேல் வேலை பார்க்கும் எஸ்டேட்டிலிருந்து சனிக்கிழமை ஜீப்பில் இறங்குவான், திங்கள் விடியலில் ஏறிவிடுவான். அந்த ஒரு நாளில் அவன் துணியை வெளுத்து, மசாலா அரைத்து, கூட வருகிற மலைக்காரர்களுக்கும் சேர்த்துக் கறிச்சோறு ஆக்க வேண்டும்.

எண்பத்தெட்டில் டிவி வாங்கினார்கள். ஞாயிறு சாயங்காலப் படத்துக்குத் தெருவே வந்து உட்காரும். அவள் மட்டும் அடுப்படியில் நின்று வசனம் கேட்பாள்.

"பெட்டிய இங்கிட்டுக் கொஞ்சம் திருப்பி வைங்களேன்."

"காது கேக்குதுல்ல, போதும்" என்பான் அண்ணன்.

ஒரு ஞாயிறு அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்தாள்.

"சோறு என்னாச்சு?" என்றான் அண்ணன்.

"படம் முடியட்டும். ஒரு நா பசிச்சா செத்துற மாட்டீக."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து டிவியை அணைத்தான்.

"வெரசா போயி ஆக்கு."

படம் போன எரிச்சலில் தெரு ஜனம் அவளைத்தான் திட்டிக்கொண்டே போனது. அவள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

என் அண்ணன் நல்லவன் என்று ஊர் சொல்லும்; நான் சொல்ல மாட்டேன். "டிவியப் போட்டு விடுண்ணே" என்று அன்றைக்கு நான் கேட்டிருந்தால் போட்டிருப்பான். கேட்கவில்லை. அவள் ஆக்கிய கறிச்சோற்றை நானும் உட்கார்ந்து தின்றேன்.